வாடகைக் காரில் இடித்துவிட்டால் யார் பணம் கட்டுவது?

2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்ததால் சிங்கப்பூரில் திங்களும் விடுமுறை. திருச்சியிலிருந்து என் மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரையும் ஒன்றாக அழைத்துப் போக வேண்டும் என்று ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாளுக்கு வாடகைக்கு எடுத்தேன். கையெழுத்துப் போடும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "காப்புறுதி இருக்கிறதுதானே?" இருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. நான் கேட்ட கேள்விதான் போதவில்லை.

சனிக்கிழமை காலை செங்காங்கிலிருந்து மண்டாய் பறவைப் பூங்காவுக்குப் போனோம். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் சிலிப் ரோட்டின் முனையில் முன்னால் நின்ற கார் நகர்ந்தது. நானும் வலப்பக்கம் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். முன்னால் இருந்தவர் மனம் மாறி மறுபடியும் நிறுத்திவிட்டார். மெதுவான மோதல்தான். யாருக்கும் அடி இல்லை. பின்சீட்டில் பிள்ளைகள் பயந்து அழுதார்கள், அவ்வளவுதான். பின்னாலிருந்து இடித்தவர் மீதே பொதுவாக முழுப் பொறுப்பும் விழும். அதனால் யார் தவறு என்ற பேச்சுக்கே இடம் இருக்கவில்லை.

இனி கணக்கைப் பாருங்கள். வாடகைக் காரின் முன்பம்பர், விளக்கு, கிரில் சரிசெய்ய 2,450 வெள்ளி. கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஐந்து நாளுக்கு வாடகை இழப்பு, நாளுக்கு 110 வீதம் 550 வெள்ளி. நான்கு மாதம் கழித்து முன்னால் இருந்த காரின் கோரிக்கை வந்தது. பழுதுச் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், அவர் மாற்றுக் கார் எடுத்த செலவு எல்லாம் சேர்த்து 2,860 வெள்ளி. ஆக மொத்தம் 5,860 வெள்ளி. காப்புறுதி நிறுவனம் இதில் கட்டியது ஒரு காசும் இல்லை. காப்புறுதியும் முறையானது, நானும் எந்த விதியையும் மீறவில்லை. அப்படியும் முழுத் தொகை என் பையிலிருந்துதான் போனது.

காரணம் 'எக்ஸஸ்' என்ற ஒரு சொல். விபத்துச் செலவில் முதல் இத்தனை வெள்ளி உங்களுடையது, அதைத் தாண்டியதுதான் காப்புறுதியுடையது என்பதே அதன் பொருள். என் ஒப்பந்தத்தில் அது 3,000 வெள்ளி. அது ஒன்று அல்ல, இரண்டு என்பதை நான் கவனிக்கவில்லை. நீங்கள் ஓட்டிய காருக்கான சேதம் முதல் பிரிவு. எதிர்த்தரப்பின் சொத்துக்கான சேதம் இரண்டாம் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எக்ஸஸ். என் இரண்டு பில்லும் 3,000க்குக் கீழே நின்றுவிட்டன. வாடகை இழப்போ எந்தப் பிரிவிலும் இல்லை, அது ஒப்பந்தத்தின்படி நேராகக் காரை வாடகைக்கு எடுத்தவரிடம் வசூலிக்கப்படுவது.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது எது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் தரப்பு அபாயங்கள், இழப்பீடு பற்றிய 1960ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், மற்றவருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அடுத்தவர் காரின் பம்பரும் நீங்கள் எடுத்த காரின் பம்பரும் அந்தக் கட்டாயத்துக்குள் வராது. அவை நிறுவனம் வாங்கிய பாலிசியையும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பொறுத்தவை. "சிங்கப்பூரில் எல்லாக் காருக்கும் காப்புறுதி உண்டு" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். உயிர், உடல் விஷயத்தில் அந்த நிம்மதி சரி. பணத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

அந்த மண்டாய்ச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஒப்பிட்டுப் பார்த்த வழிகளை இங்கே எழுதுகிறேன்.

எக்ஸஸை அப்படியே ஏற்றுக்கொள்வது

எதுவும் கூடுதலாகக் கட்டாமல் கொடுத்த எக்ஸஸோடு ஓட்டிப் போவதுதான் முதல் வழி. வாடகை குறைவாகத் தெரியும். உங்களிடம் சேமிப்பு இருந்து, 6,000 வெள்ளி போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாது என்றால் இதில் தப்பில்லை. ஆனால் எக்ஸஸ் எவ்வளவு என்று பார்க்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணோடு நிற்காதீர்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர், வயது குறைந்தவர், வயது முதிர்ந்தவர் ஆகியோருக்குப் பல நிறுவனங்கள் அதன் மேல் இன்னொரு எக்ஸஸ் சேர்க்கின்றன. மலேசியாவுக்குள் நடந்த விபத்துக்கு அதை இரட்டிப்பாக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. 3,000 என்று நினைத்தது ஜோகூர் பாருவில் 6,000 ஆகிவிடும், அதுவும் ஒரு பிரிவுக்கு.

நாள்கட்டணம் கொடுத்து எக்ஸஸைக் குறைப்பது

இதைத்தான் கவுன்ட்டரில் 'சிடிடபிள்யூ' என்பார்கள். காப்புறுதி மாதிரி விற்கப்பட்டாலும், "சேதமானால் இவ்வளவுக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம்" என்று வாடகை நிறுவனம் தரும் சலுகை இது. எனக்கு நாளுக்கு 22 வெள்ளி சொன்னார்கள், இரண்டு பிரிவிலும் எக்ஸஸ் 1,000 ஆகக் குறையும் என்றார்கள். நான்கு நாளுக்கு 88 வெள்ளி. விற்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து வேண்டாம் என்றேன். அன்று அதை வாங்கியிருந்தால் 1,000, இன்னொரு 1,000, வாடகை இழப்பு 550, கட்டணம் 88 என்று 2,638 வெள்ளியோடு முடிந்திருக்கும். 3,222 வெள்ளி மிச்சம்.

ஒரு விபத்தை வைத்து எல்லாருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை மட்டும் கார் எடுக்கும் என்னைப் போன்றவருக்கு இது மலிவான பாதுகாப்பு. கையில் பழகாத வண்டி, அளவு பெரியது, உறவினர் பேச்சு, பிள்ளைகள் சத்தம். சொந்தக் காரை ஓட்டும்போது இருப்பதைவிட இடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒவ்வொரு வார இறுதியிலும் இரண்டு நாள் எடுப்பவருக்கு வருடம் 104 நாள், அதே விலையில் 2,288 வெள்ளி. ஒரு பிரிவில் மிச்சமாகும் 2,000 வெள்ளியைவிட அதுவே அதிகம். அவருக்கு வேறு கணக்கு.

அப்புறம், இந்தச் சலுகை எதைத் தொடாது என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, உள்அலங்காரம், தொலைந்த சாவி, இவற்றில் பலவும் பல ஒப்பந்தங்களில் வெளியே நிற்கும். வாடகை இழப்பும் அப்படித்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் ஏறும்போது வளைவுக் கல்லில் ரிம் உரசுவதுதான் நான் அதிகம் கேட்கும் சேதம். அதற்கு சிடிடபிள்யூ உதவாமல் போகலாம்.

எக்ஸஸுக்கென்றே தனிப் பாலிசி

வாடகை நிறுவனத்திடம் வாங்காமல், எக்ஸஸைத் திருப்பித் தரும் பாலிசியைக் காப்புறுதி நிறுவனத்திடமே வாங்குவது மூன்றாவது வழி. அடிக்கடி எடுப்பவருக்கும் மாதக்கணக்கில் எடுப்பவருக்கும் இதையே முதலில் விசாரிக்கச் சொல்வேன். ஆனால் இது நடக்கும் விதம் வேறு. முதலில் நீங்கள் வாடகை நிறுவனத்துக்கு முழு எக்ஸஸையும் கட்டியாக வேண்டும். பிறகு ஒப்பந்தம், விபத்து அறிக்கை, பழுது பில், கட்டிய ரசீது எல்லாவற்றையும் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். கையில் அந்தப் பணம் புரள வேண்டும், காகிதங்களும் பத்திரமாக இருக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு கேள்வி: எந்தப் பிரிவின் எக்ஸஸ்? நான் எடுத்த காரின் சேதத்துக்கு மட்டுமா, எதிர்த்தரப்புக்குமா? முதல் பிரிவுக்கு மட்டும் என்றால் என் விபத்தில் 2,860 வெள்ளி அப்போதும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

பயணக் காப்புறுதியை நம்புவது

இதைப் பற்றி நண்பர்கள் பலர் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பயணக் காப்புறுதியில் 'வாடகை வாகன எக்ஸஸ்' என்று ஒரு வரி இருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு எழுதப்பட்ட பாலிசி அது. சிங்கப்பூரில் இருப்பவர் சிங்கப்பூரிலேயே கார் எடுத்து உட்லண்ட்ஸுக்கும் ஜூரோங்குக்கும் ஓட்டினால் அந்த வரிக்கு வேலையே இல்லை. கோலாலம்பூருக்கோ பெர்த்துக்கோ விமானத்தில் போய் அங்கே வாடகைக்கு எடுத்தால் அது உண்மையாகவே உதவும். சிங்கப்பூரில் எடுத்த காரைக் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்கு ஓட்டிப் போகிறீர்களா? அந்த இடைநிலைக்கு ஒவ்வொரு பாலிசியும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும், புறப்படும் முன் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டைச் சலுகைகளையும் இதே கண்ணோடு படியுங்கள்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் "என் பாலிசி நான் ஓட்டும் எல்லாக் காருக்கும் வரும்" என்று நினைப்பதும் உண்டு. வாடகைக் காரின் சேதத்துக்கு அதை நம்ப வேண்டாம். ஆனால் ஒரு நல்ல செய்தி: வாடகைக் கார் விபத்து நிறுவனத்தின் பாலிசியில் பதிவாவதால் உங்கள் சொந்தக் காரின் கோரிக்கையின்மைத் தள்ளுபடி, அதாவது என்சிடி, குறையாது. சொந்தக் காரில் கோரிக்கை வைத்தால் 50 விழுக்காட்டில் இருப்பவர் 20க்கு இறங்குவார். வாடகைக் காரில் அந்த இழப்பு இல்லை. இருந்தாலும் அடுத்த முறை பாலிசி எடுக்கும்போது கடந்த சில ஆண்டு விபத்துகளைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கில் எடுக்கும் பகிர்வுக் கார்களுக்கும் மேலே சொன்ன கணக்கேதான். கூடுதலாக ஒரு தொல்லை, உங்களுக்கு முன்னால் ஓட்டியவரின் கீறல் உங்கள் பெயரில் வரக்கூடும். கதவைத் திறக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துச் செயலியில் ஏற்றிவிடுவது அதற்குப் போதும்.

எல்லாக் காப்பும் போய்விடும் இடங்கள்

மேலே சொன்ன வழிகளில் எதை எடுத்தாலும் பயனில்லாமல் போகும் சில நிலைமைகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது அதில் முதலாவது. விபத்துக்கு முந்திய நாள் இரவு, தேக்காவிலிருந்து திரும்பும்போது என் மச்சான், "மாப்பிள்ளை, ஊர்ல பதினைஞ்சு வருஷமா ஓட்டுறேன், கொஞ்ச தூரம் நான் எடுக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்ல மச்சான், பேப்பர்ல என் பேரு மட்டும்தான் இருக்கு" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. மறுநாள் அந்த இடத்தில் அவர் ஓட்டியிருந்தால் எக்ஸஸ் என்ற எல்லையே இருந்திருக்காது, முழுச் சேதமும் எங்கள் மேல் வந்திருக்கும். இன்னொருவரும் ஓட்டுவார் என்றால் கூடுதல் ஓட்டுநராக முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஆகும் சிறு கட்டணத்தை யோசிக்காமல் கட்டுங்கள்.

இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு லைசென்ஸ் விஷயம் முக்கியம். 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்குபவர் சிங்கப்பூர் லைசென்ஸுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கொள்ளப்படும், காப்புறுதியும் கைவிட்டுப் போகும். குடித்துவிட்டு ஓட்டுவதும், சொந்த உபயோகத்துக்கு எடுத்த காரில் கட்டணப் பயணிகளை ஏற்றுவதும் அப்படியே. இப்படி விதி மீறப்பட்ட நிலையிலும் காயம்பட்ட மூன்றாம் மனிதருக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர வேண்டிவரும், ஏனென்றால் அவரைக் காக்கத்தான் சட்டம். ஆனால் கொடுத்த தொகையை அது உங்களிடம் திரும்பக் கேட்கலாம். அந்தத் தொகை பம்பர் விலையில் இருக்காது.

இடித்த பிறகு: தனியே பேசி முடிப்பதா, அறிக்கை கொடுப்பதா?

முன்னால் இருந்த காரின் ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்தார். நல்ல மனிதர். "சின்னதுதான், 800 வெள்ளி கொடுத்துவிடுங்கள், நமக்குள் முடித்துக்கொள்ளலாம்" என்றார். பின்னால் வந்த 2,860 வெள்ளி பில்லைப் பார்த்தபோது அந்த 800ஐக் கொடுத்திருக்கலாமோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனாலும் கொடுக்காதது சரி என்றே இன்றும் சொல்வேன். கார் என்னுடையது இல்லை, அதன் முன்பக்கம் உடைந்திருப்பதை மறைக்க முடியாது. ஒப்பந்தப்படி நான் நிறுவனத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்று, சாலையில் நின்று கைமாறிய பணம் எதையும் முடித்துவைக்காது. சொத்துச் சேதத்துக்கு ஆறு ஆண்டு, உடற்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை வழக்குப் போட இங்கே சட்டம் இடம் தருகிறது. மறுநாள் அவருக்குக் கழுத்து வலி வந்தால் அந்த 800 வெள்ளியைக் காட்டி நான் எதையும் நிரூபிக்க முடியாது.

சிங்கப்பூர்ப் பொதுக் காப்புறுதிச் சங்கம் 2008 ஜூனில் கொண்டுவந்த மோட்டார் கோரிக்கை நடைமுறை, எவ்வளவு சிறிய மோதலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிக்கை போக வேண்டும் என்கிறது. தனியே பேசி முடித்தாலும் இதிலிருந்து விலக்கு இல்லை. அப்படி முடிப்பவர்கள் கையெழுத்திடச் சங்கமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. வாடகைக் காரில் அந்த வழியில் போக விரும்பினால், நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதமும் அந்தப் படிவமும் இரண்டுமே வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். தாமதித்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடலாம், அப்போது எக்ஸஸ் என்ற எல்லையும் உங்களைக் காக்காது.

அங்கே நின்றபடி செய்ய வேண்டியவை: முதலில் வாடகை நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். இரண்டு வண்டியின் எண்பலகை, சேதம், சாலையில் நின்ற நிலை எல்லாவற்றையும் படம் எடுங்கள். எதிர்த்தரப்பின் பெயர், தொலைபேசி எண், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றை வாங்குங்கள். யாரும் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கார் போக வேண்டும். யாருக்காவது காயம், பாதசாரியோ சைக்கிளோட்டியோ சம்பந்தப்பட்டது, அரசாங்கச் சொத்துச் சேதம், வெளிநாட்டு வாகனம், இடித்துவிட்டு ஓடியது, இவற்றில் எது இருந்தாலும் போலிஸ் புகாரும் வேண்டும். மலேசியாவில் நடந்தால் அங்குள்ள போலிஸ் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அந்தக் காகிதம் இல்லாமல் இங்கே எதுவும் நகராது.

தவறு முழுக்க எதிர்த்தரப்பு மேல் என்றால் எக்ஸஸ் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எதிர்த்தரப்பின் காப்புறுதியிலிருந்து பணம் வரும் வரை அதை உங்களிடம் பிடித்துவைக்கும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. காரில் முன்பக்கக் கேமரா இருந்தால் அன்றே அந்தப் பதிவை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கைக்குக் கார் போனதும் அது அழிந்துவிடக்கூடும்.

பில் அதிகம் என்று தோன்றினால்

எனக்கு முதலில் வந்த பில் ஒரே வரியில் 2,900 வெள்ளி என்றிருந்தது. ஒர்க்‌ஷாப்பை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஆனால் விவரம் கேட்கலாம். பாகம் வாரியான பில், சேதப் படங்கள், மதிப்பீட்டாளர் அறிக்கை, கார் உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி என ஐந்தையும் மின்னஞ்சலில் கேட்டேன். ஒரு வாரத்தில் திருத்திய பில் 2,450 என்று வந்தது. பின்பக்கக் கதவின் கீறலுக்கும் பெயிண்ட் சேர்த்திருந்தார்கள், எடுத்த அன்று நான் பிடித்த படத்தில் அந்தக் கீறல் ஏற்கனவே இருந்தது. சண்டை எதுவும் போடவில்லை, படத்தை அனுப்பினேன், அவ்வளவுதான்.

அப்படியும் தீராவிட்டால் எங்கே போவது என்பது யாரோடு தகராறு என்பதைப் பொறுத்தது. வாடகை நிறுவனம் டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை, பில்லைக் கூட்டுகிறது என்றால் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம். அடுத்த படி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை அது விசாரிக்கும், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இரு வண்டிகள் மோதிய சேதத்தில் யார் பொறுப்பு என்ற வழக்கை அது எடுக்காது. காப்புறுதி நிறுவனத்தோடுதான் பிரச்சினை என்றால் ஃபிட்ரெக் என்னும் நிதித்துறைத் தகராறு தீர்வு மையம்.

இப்போது நான் கார் எடுக்கும் விதம் மாறிவிட்டது. உள்ளூரில் இரண்டு மூன்று நாளுக்கு என்றால் சிடிடபிள்யூ வாங்கிவிடுகிறேன். மலாக்காவுக்குப் போவதென்றால் எல்லைக்கு அப்பால் எக்ஸஸ் எவ்வளவு என்று முதலில் கேட்டு, அது இரட்டிப்பு என்றால் அந்த நிறுவனத்தில் எடுப்பதில்லை. கையெழுத்துக்கு முன் வாட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்புகிறேன்: முதல் பிரிவில் எக்ஸஸ் எவ்வளவு, இரண்டாம் பிரிவில் எவ்வளவு, கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளுக்கு என்னிடம் எவ்வளவு கேட்பீர்கள்? போன மாதம் விசாரித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று பத்து நிமிடத்தில் மூன்றுக்கும் எண் எழுதி அனுப்பியது. மற்றொன்று "கவலை வேண்டாம், முழுக் காப்புறுதி இருக்கிறது" என்று பதில் போட்டது. நாளுக்கு 15 வெள்ளி கூடுதல் என்றாலும் முதல் நிறுவனத்திடம்தான் எடுத்தேன்.